திருப்பூர் எம்பி யாருக்கு எம்பி?

திருப்பூர் மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: திருப்பூர் வடக்கு, திருப்பூர் தெற்கு, பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம். இதில் கடைசி நான்கும் ஈரோடு மாவட்டம். சரி, திருப்பூர் மாவட்டத்தின் மற்ற ஊர்கள் எங்கே போயின? பல்லடம் கோவையோடு, காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டோடு, உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியோடு, அவிநாசி நீலகிரியோடு. திருப்பூரின் இரண்டையும் சேர்த்து மாவட்டத்தில் எட்டு சட்டமன்றத் தொகுதிகள், ஐந்து எம்பிக்கள். அவிநாசிக்காரருக்கும் குன்னூர்த் தேயிலை விவசாயிக்கும் ஒரே எம்பி!

2008இல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த மறுவரையறைக்கு முன்னால் திருப்பூர் நகரம் கோவை மக்களவைத் தொகுதியில் இருந்தது. கோபிசெட்டிபாளையம் அப்போது வேறொரு மக்களவைத் தொகுதி. அதில் 2004இல் ஜெயித்தவர் ஈ.வெ.கி.ச. இளங்கோவன். அந்தத் தொகுதியைக் கலைத்து, அதன் பெரும்பகுதியோடு திருப்பூரின் இரண்டு தொகுதிகளை ஒட்டி, பெயரை மட்டும் திருப்பூர் என்று வைத்தார்கள். கோடு போட்ட மறுவரையறை ஆணையத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் கோடு போட்டார்கள். திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009இல்தான். ஆனால் மாவட்டம் வந்த பிறகும் தொகுதி எல்லையைத் தொட வழியில்லை. 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

முதல் தேர்தல் 2009இல். அதிமுகவின் சிவசாமி ஜெயித்தார். தோற்ற காங்கிரசின் கார்வேந்தன், அதே மறுவரையறையில் காணாமல் போன பழனி தொகுதியின் எம்பி. கொங்குநாடு முன்னேற்றக் கழகம் முதல் களத்திலேயே கணிசமான ஓட்டு வாங்கியது. 2014 அதிமுக அலை, சத்தியபாமா வந்தார். 2019இலும் 2024இலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சுப்பராயன். இவர் 2004இல் கோவை எம்பி, அதாவது அப்போதும் திருப்பூருக்கு எம்பி இவர்தான். கோடு மாறியது, ஆள் திரும்பி வந்துவிட்டார்.

ஒரு பக்கம் பனியன் கம்பெனி, நூல் விலை, சாயப்பட்டறைக் கழிவு. 2011இல் நொய்யலைக் காக்க உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே திகைத்து நின்றது. இன்னொரு பக்கம் மஞ்சள் விலை, கீழ்பவானி வாய்க்கால், பவானி ஜமக்காளம், அந்தியூர் மலைக்கிராமத்துச் சாலை. நாடாளுமன்றத்தில் கிடைக்கும் சில நிமிடத்தில் ஒரு எம்பி எதைப் பேசுவார்? நூல் விலையைப் பேசினால் கோபிக்காரர் முகம் சுளிப்பார், வாய்க்காலைப் பேசினால் திருப்பூர்க்காரர். அதற்காக எந்த எம்பியையும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பல்லடத்துக்காரருக்கு இன்னும் வேடிக்கை. மனு கொடுக்கப் போக வேண்டிய கலெக்டர் ஆபீஸ் திருப்பூரில், எம்பியோ கோவைக்கு.

இப்போது எங்கு பார்த்தாலும் மறுவரையறைப் பேச்சுதான். தமிழ்நாட்டுக்கு எத்தனை சீட்டு குறையும் என்ற பயம் நியாயமானது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் இப்போதுள்ள 39 சீட்டு அப்படியே நின்றாலும் உள்ளே கோடு எப்படிப் போகிறது என்று எந்தக் கட்சியும் பேசக் காணோம். எட்டுத் தொகுதியை ஒரே எம்பிக்குக் கீழே அடைக்க முடியாது, தெரியும். ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறுதான் கணக்கு. அவிநாசியையும் பல்லடத்தையும் திருப்பூரோடு சேர்த்தாலே பின்னலாடைத் தொழில் பெரும்பாலும் ஓரிடத்துக்கு வந்துவிடும். கோபியும் பவானியும் தங்கள் மாவட்டத்து ஆட்களோடு போகட்டும்.

போன முறை ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்டது, பொதுக்கூட்டமும் வைத்தது. அடுத்த வரைவு வரும்போது முதல் மனு திருப்பூர், அவிநாசி, பல்லடத்துக்காரர்களிடமிருந்து போகட்டும்.