நாம் ஜெயித்துவிட்டோம்

தம்பி: அக்கா, நாம் ஜெயித்துவிட்டோம்! மூன்று கோல்!

அக்கா: நாமா? எங்கே? காலையிலிருந்து நைரோபி சிட்டி ஸ்டேடியத்துக்கு எதிரில்தான் மீன் பொரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விசில் சத்தம்கூடக் கேட்கவில்லை. நம் கோர் மஹியா கால்பந்து அணிக்கு நாளைக்குத்தானே ஆட்டம்?

தம்பி: கோர் மஹியா இல்லை அக்கா. நாம். அர்செனல்.

அக்கா: அடப்பாவி! நாளைக்கு நம்மோடு மோத வேண்டிய லெப்பர்ட்ஸ்காரர்கள் பயத்தில் ஒரு நாள் முன்னதாகவே வந்து தோற்றுவிட்டுப் போய்விட்டார்களோ என்று சந்தோஷப்பட்டுவிட்டேன். சரி, இந்த அர்செனல் எந்தப் பேட்டை? நம் கலோலெனியா, மகடாராவா?

தம்பி: லண்டன்.

அக்கா: நீ எப்போது லண்டன் போனாய்?

தம்பி: போனதில்லை. மனசு அங்கேதான்.

அக்கா: மனசு போகட்டும், 'நாம்' என்று சொல்லாதே. அதில் நானும் சேர்ந்துவிடுகிறேன். எண்ணெய்ச் சட்டியை விட்டு நகராதவளை லண்டனில் மூன்று கோல் போட வைத்துவிட்டாயே! 'நாங்கள்' என்று சொல்.

தம்பி: சரி, நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

அக்கா: அதுவும் இடிக்கிறது. 'அவர்கள்' என்று சொல்லிப் பார்.

தம்பி: அவர்கள்... சொன்னால் வயிற்றைப் பிசைகிறது அக்கா.

அக்கா: அது பசி. உட்கார். நாளை நியாயோ ஸ்டேடியத்துக்கு வருகிறாய் அல்லவா? மச்சான்கள் ஆட்டம்.

தம்பி: யாருக்குக் கல்யாணம்?

அக்கா: மஷெமேஜி டெர்பியடா! நம் லுவோக்கள் பக்கம் கோர் மஹியா, லூயாக்கள் பக்கம் லெப்பர்ட்ஸ். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சனங்கள் என்பதால்தான் அந்தப் பெயரே. என் வீட்டுக்காரர் லூயா. ஆட்டத்தன்று அவருக்கு நான் மீன் வைப்பதில்லை. வறட்டு உகாலிக் களிதான்.

தம்பி: உள்ளூர் ஆட்டத்தில் தரம் இல்லை அக்கா. 2004-ல் நாம், சரி, அவர்கள், லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கினார்கள்.

அக்கா: 2015-ல் கோர் மஹியாவும் அப்படித்தான் வாங்கியது. அப்போது நீ எங்கே இருந்தாய்?

தம்பி: டிவி முன்னால்.

அக்கா: 1987-ல் துனீசியாவின் எஸ்பெரான்ஸ் அணியை மடக்கி ஆப்பிரிக்கக் கோப்பை ஒன்றையே கொண்டுவந்தார்கள். துனிஸில் 2-2. திரும்பி வந்து கசரானியில் 1-1.

தம்பி: இரண்டுமே டிரா. டிரா செய்தா கோப்பை வாங்கினார்கள்?

அக்கா: வெளியூரில் போட்ட கோலுக்கு அன்றைக்கு மதிப்பு அதிகம். உனக்கு இன்றைக்கும் வெளியூர் கோலுக்குத்தான் மதிப்பு.

தம்பி: அப்படிச் சொல்லாதீர்கள். 2018-ல் கோர் மஹியா லிவர்பூல் ஊருக்கே போய் எவர்ட்டனோடு ஆடியபோது நான் நம் பக்கம்தான்.

அக்கா: எந்த 'நம்'?

தம்பி: கோர் மஹியாதான். எவர்ட்டன் அர்செனலுக்கு ஆகாதவர்கள் இல்லையா?

அக்கா: ஆக, நம்மை ஆதரிப்பதற்கும் லண்டனில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. அன்று 4-0 என்று தோற்றோம். தோற்றால்கூட 'தோற்றோம்' என்று சொல்ல வாய் வருகிறது பார், அதுதான் நாம்.

தம்பி: ...

அக்கா: கோர் மஹியா யார் தெரியுமா? நம் பாட்டன்மார் கதையில் வருகிற பெரிய மந்திரவாதி. அர்செனல் என்றால் ஆயுதக் கிடங்காம், என் மகன் சொன்னான். பாட்டனை விட்டுவிட்டுக் கிடங்குக்குக் காவல் இருக்கிறாய். அந்தச் சட்டை என்ன விலை?

தம்பி: 1,200 ஷில்லிங். அசல் இல்லை.

அக்கா: தெரிகிறது. அர்செனலின் பீரங்கிச் சின்னம் உரிந்து தொங்குகிறது, சட்டியில் விழுந்துவிடப் போகிறது. நாளைய டிக்கெட் 200.

தம்பி: இருநூறா! இந்த விலைவாசியில் எப்படி அக்கா?

அக்கா: அந்த இருநூறில்தான் பையன்களுக்கு பஸ் வாடகை, தண்ணீர், முழங்காலுக்குக் கட்டு எல்லாம். உன் 1,200-ல் லண்டனுக்கு ஒரு செப்புக் காசாவது போயிருக்குமா? கிகோம்பா சந்தையில் தைத்தவன்தான் பிழைத்தான். அவனாவது நாளைக்கு வருவான், கோர் மஹியாவின் பச்சைச் சட்டையில்.

தம்பி: வருகிறேன் அக்கா, வருகிறேன். டிவி ஆட்டம் முடிந்தவுடன்.

அக்கா: எங்கள் ஆட்டமும் அதற்குள் முடிந்துவிடும்.

தம்பி: கோபப்படாதீர்கள். அந்தப் பெரிய திலாப்பியாவைக் கொடுங்கள். காசு மாதக் கடைசியில். நம் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா: யார் கணக்கில்?

தம்பி: ...என் கணக்கில்.