மேற்கு வர்ஜீனியாவின் 89 ஆண்டு லீக்கைக் கலைத்தது சரியா?

2012 ஜூன் மாதம் ஒன்பது கல்லூரிகள் தங்கள் லீக்கை விட்டு வெளியேற எடுத்த முடிவு தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் சின்னக் கல்லூரிகளெல்லாம் சேர்ந்து நடத்திவந்த விளையாட்டுக் கூட்டமைப்பு ஒன்று இருந்தது. சுருக்கப் பெயர் டபிள்யூ.வி.ஐ.ஏ.சி. 1924ல் தொடங்கியது. ஒன்பது கல்லூரிகள் வெளியேறுவதாக அறிவித்த அடுத்த ஆண்டே, 2013ல், அதன் கதை முடிந்தது.

பெரிய பல்கலைக்கழகங்களைப் போல டி.வி. பணத்தில் கொழிக்கும் கல்லூரிகள் அல்ல இவை. ஃபேர்மான்ட், கிளென்வில், கான்கார்ட், ஷெப்பர்ட் எல்லாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளாக இருந்து வளர்ந்தவை. வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையுடையது, டேவிஸ் அண்ட் எல்கின்ஸ் பிரஸ்பிட்டீரியன் சபையுடையது, ஆல்டர்சன் பிராடஸ் பாப்டிஸ்ட். நிலக்கரி மலைகளுக்கு நடுவே, பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு ராத்திரியே திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருந்த எதிரணிகள். எதிரணியில் ஆடுபவன் பெரும்பாலும் பக்கத்து மாவட்டத்துப் பையன்.

மார்ச் மாதம் வந்தால் கூடைப்பந்துப் போட்டிக்காக அத்தனை கல்லூரிகளும் தலைநகர் சார்லஸ்டனில் கூடும். போட்டி ஆரம்பித்தது 1936ல். 1960 முதல் சிவிக் சென்டர் அரங்கம்தான் அதன் வீடு. ஒரு வாரம் முழுக்க ஆட்டம். சின்ன ஊர்க்காரர்களுக்கு அது ஆட்டம் மட்டுமில்லை, ஆண்டுக்கொருமுறை பழைய சிநேகிதர்களைப் பார்க்கிற இடமும் கூட.

இதன் வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது இரண்டு வீரர்களின் கதை. 1940களின் கடைசியில் சார்லஸ்டனில் இருந்த மோரிஸ் ஹார்வி கல்லூரியில் ஜார்ஜ் கிங் கூடைப்பந்து ஆடினார். 1949-50 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 31 புள்ளிகள் எடுத்தார். அதே ஆண்டுகளில், சில மைல் தள்ளி இன்ஸ்டிட்யூட் என்கிற ஊரில் மேற்கு வர்ஜீனியா ஸ்டேட் கல்லூரிக்காக ஏர்ல் லாய்ட் ஆடிக்கொண்டிருந்தார். அது கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி. அதனால் பக்கத்திலேயே இருந்தும் இந்த லீக்கில் அதற்கு இடமில்லை. கறுப்பினக் கல்லூரிகளுக்கென்று 1912ல் உருவான சி.ஐ.ஏ.ஏ.வில்தான் ஆடியது. லாய்ட் 1950 அக்டோபர் 31 அன்று என்.பி.ஏ. என்கிற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டத்தில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரரானார். 1955ல் சிராக்யூஸ் அணி 92-91 என்று கடைசி ஆட்டத்தை வென்று என்.பி.ஏ. பட்டம் வாங்கியபோது, வெற்றிப் புள்ளியை ஃப்ரீ த்ரோவில் எடுத்ததும், எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்ததும் கிங். அதே அணியில் லாய்டும் இருந்தார். கல்லூரி நாட்களில் ஒரே லீக்கில் ஆடவிடப்படாத இரண்டு பேர், நியூயார்க் மாநிலத்து அணிக்காக ஒன்றாகப் பட்டம் வென்றார்கள்! பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று 1954ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் மேற்கு வர்ஜீனியா ஸ்டேட்டும், இன்னொரு கறுப்பினக் கல்லூரியான புளூஃபீல்ட் ஸ்டேட்டும் இந்த லீக்குக்குள் வந்தன. முதல் முப்பது ஆண்டு செய்த அநியாயத்தை மறைக்காமல்தான் இந்த லீக்கை நான் மதிக்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்களுக்கு ரிச் ரோட்ரிகஸ் பெயர் தெரிந்திருக்கும். 1990 முதல் 1996 வரை அவர் கிளென்வில்லில் பயிற்சியாளர். இன்று அமெரிக்கா முழுக்க ஆடப்படும் வேகமான ஸ்ப்ரெட் ஆட்டமுறையை (வீரர்களைக் களத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தி ஆடுவது) அந்தக் குட்டி ஊரில்தான் அவர் செதுக்கினார். 1993ல் அந்த அணி சின்னக் கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. அமைப்பின் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. தோற்றாலும் வெட்கப்படவேண்டிய தோல்வி இல்லை அது. பெரிய இடத்தில் இப்படிச் சோதனை செய்ய விட்டிருப்பார்களா? நம்பிக்கை இல்லை.

லீக்கை உடைத்ததும் கால்பந்துதான். பிரிந்த ஒன்பதும் கால்பந்து அணி வைத்திருந்தவை. அணி இல்லாத கல்லூரிகளோடு சேர்ந்து ஓட்டுப்போட்டு முடிவெடுப்பது அவர்களுக்குச் சிரமம் என்பது புரிகிறது. கால்பந்துக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்துகொண்டு மற்ற விளையாட்டுகளைச் சேர்ந்தே ஆடியிருக்கலாமே! அதைச் செய்யாமல், ஒஹாயோவிலிருந்து அர்பானாவையும் நோட்டர் டேம் கல்லூரியையும் சேர்த்து மவுன்டன் ஈஸ்ட் என்று புது லீக் ஆரம்பித்தார்கள். அர்பானா 2020ல் மூடப்பட்டது, நோட்டர் டேம் 2024ல். ஷெப்பர்ட் 2019ல் பென்சில்வேனியா லீக்குக்குப் போய்விட்டது. புது லீக்கில் சேர்க்கப்படாமல் விடப்பட்டவற்றில் ஆல்டர்சன் பிராடஸ் 2023ல் மூடியது. இவை மூடியதற்குக் காரணம் பணநெருக்கடி, லீக் பிரிந்ததல்ல. அந்தப் பழியை நான் போடவில்லை. ஆனால் புளூஃபீல்ட் ஸ்டேட் பத்து ஆண்டுகள் சொந்தமாக ஒரு லீக் இல்லாமல் அலைந்து, 2023ல் பழைய சி.ஐ.ஏ.ஏ.வுக்கே திரும்பியதே, அதற்கு யார் பொறுப்பு?

கலைத்ததை இனி ஒட்டவைக்க முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். மவுன்டன் ஈஸ்ட்டில் இருப்பவை பாதிக்கு மேல் பழைய கல்லூரிகள்தான். தங்கள் சாம்பியன் பட்டியலை 2013-14 பருவத்தில் தொடங்காமல், பழைய லீக்கின் பட்டியலையும் முன்னால் சேர்த்து அச்சிட வேண்டும். கறுப்பினக் கல்லூரிகள் வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஆண்டுகளுக்கு எதிரே அதையும் எழுத வேண்டும்.