அமெரிக்க வரலாற்றைப் பின்னிணைப்பாகக் கற்பிக்க முடியாது

அமெரிக்கப் பள்ளிகளில் நாட்டின் வரலாற்றைப் பல இனத்தவரின் வரலாறாகக் கற்பிக்க வேண்டும் என்றால், அது சிறுபான்மையினருக்குக் காட்டும் சலுகை என்றே பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. அந்த மக்களை விலக்கிவிட்டால், அமெரிக்க அரசியலமைப்பே மாணவருக்கு விளங்காது.

குடியுரிமையை எடுத்துக்கொள்வோம். கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மாற்றவே, அந்த மண்ணில் பிறந்தவர் குடிமக்கள் என்னும் விதி 1868-இல் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தில் இடம்பெற்றது. அவ்விதி குடியேறியோரின் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதை நிலைநாட்டியவர் வோங் கிம் ஆர்க் என்ற சமையற்காரர். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த அவர், சீனா சென்று 1895-இல் திரும்பியபோது, அவர் குடிமகன் அல்லர் என்று கூறி, சீனர் குடியேறுவதைத் தடுத்த சீனர் விலக்குச் சட்டங்களின் பெயரால் அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் வழக்காடி 1898-இல் வென்றார். அமெரிக்காவில் பிறந்த எண்ணற்ற தமிழ்க் குழந்தைகள் குடிமக்களானதும் அந்தத் தீர்ப்பின் வழியாகத்தான். ஆனால் அந்நிலத்தின் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைக்க 1924 வரை ஆயிற்று. இந்த மூன்று மக்களையும் தவிர்த்துவிட்டு இந்த ஒரு விதியை எந்த ஆசிரியராலும் விளக்க முடியுமா?

இவ்வகைப் பாடம் மாணவரிடையே பிளவை வளர்க்கும் என்னும் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. அந்தக் காரணத்தைக் காட்டித்தான் அரிசோனா மாநிலம் இத்தகைய பாடங்களைத் தடுக்க 2010-இல் சட்டம் இயற்றியது. அதன் விளைவாக டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிக அமெரிக்கர் வரலாற்றுப் பாடத்திட்டம் 2012-இல் நிறுத்தப்பட்டது. அந்த நடவடிக்கைக்குப் பின்னால் இருந்தது இனப் பகைமையே என்று 2017-இல் கூட்டாட்சி நீதிபதி வாலஸ் தஷிமா தீர்ப்பளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கரை அடைத்துவைத்த முகாம்களுள் ஒன்றில், அதே அரிசோனாவின் போஸ்டன் (Poston) என்னும் இடத்தில், சிறுவனாக இருந்தவர் அவர்.

ஆசிய அமெரிக்கர் வரலாற்றை அரசுப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டத்தை 2021-இல் முதன்முதலில் இயற்றிய மாநிலம் இல்லினாய். ஆனால் அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை அந்தந்தப் பள்ளி வாரியமே முடிவு செய்கிறது. ஆகவே அங்கு வாழும் தமிழ்ப் பெற்றோர் வாரியக் கூட்டங்களுக்குச் செல்ல வேண்டும்; நம்மைப் பற்றிய பாடத்தை மட்டுமன்றி, நம்மைப் போன்ற ஆசியர் அங்கு குடியேற வழி திறந்த 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் பிறப்பதற்கான சூழலை உருவாக்கிய கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தையும் முழுமையாகக் கற்பிக்குமாறு கேட்க வேண்டும்.