நெய்மீன் மேலே, சாளை கீழே

குளச்சல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பிற்பகல் மூன்று மணி. மேலே ஃபேன் ஓடவில்லை. காகிதம் பறக்காது என்பது மட்டும்தான் அதில் லாபம். கடைக்காரர் ஜெகன் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறார். மீன் விற்று முடித்த அன்னம்மாள், காலியான மீன் பாத்திரத்தை, அந்தச் சருவத்தை, வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வருகிறார்.

அன்னம்மாள்: மக்களே, பிள்ளைக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங். காலேஜ் பெயரையெல்லாம் வரிசையாகப் போடணுமாம். நாளை சாயங்காலம் வரைதான் நேரமாம். நீ போட்டுக் கொடு.

ஜெகன்: கட் ஆஃப் எவ்வளவு அக்கா?

அன்னம்மாள்: 171.5. கணக்கு 88. அது அப்படியே. பிசிக்ஸ் 82இல் பாதி 41. கெமிஸ்ட்ரி 85இல் பாதி நாற்பத்திரண்டரை. கூட்டிப் பார்.

(ஜெகன் கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கிறார். சரியாக இருக்கிறது. இன்னொரு முறையும் தட்டுகிறார். அப்போதும் சரியாகவே இருக்கிறது.)

ஜெகன்: அக்கா, நீங்கள் எதுவரை படித்தீர்கள்?

அன்னம்மாள்: அஞ்சாம் கிளாஸ். ஆனால் கடப்புறத்தில் ஏலம் கேட்கிறேனே, பதினெட்டு வருஷமாக. நீ என்ன படிச்சே?

ஜெகன்: பி.இ. மெக்கானிக்கல்.

அன்னம்மாள்: (ஃபேனை அண்ணாந்து பார்த்து) பிறகு இது ஏன் இப்படிக் கிடக்கு?

ஜெகன்: அது எலெக்ட்ரிக்கல், அக்கா.

அன்னம்மாள்: ஓ.

(அந்த ‘ஓ’வில் நான்கு வருஷப் படிப்பும் கரைந்தது.)

ஜெகன்: சரி, ரேண்டம் நம்பர் வந்ததா?

அன்னம்மாள்: வந்தது, பத்து இலக்கம். அதைத்தான் கேட்க நினைத்தேன், எத்தனை லட்சம் விழும்?

ஜெகன்: லாட்டரி இல்லை அக்கா! அது வேண்டுமென்றால் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகணும். இது, இரண்டு பேருக்கு ஒரே கட் ஆஃப் வந்து, கணக்கு மார்க்கும் ஒன்றாகி, பிசிக்ஸும் மற்ற மார்க்கும் ஒன்றாகி, பிறந்த தேதிகூட ஒன்றாகிவிட்டால், யாரை முன்னால் விடுவது என்று பார்ப்பதற்கு.

அன்னம்மாள்: அப்படி ஒருத்தி இருந்தால் அவளை நானே தத்து எடுத்துக்கொள்கிறேன். மேலே சொல்.

ஜெகன்: முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினீர்களா? கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும்.

அன்னம்மாள்: வாங்கியாச்சு. அதுக்கு நான் நடந்த நடை! எங்கள் வீட்டில் யாருமே டிகிரி படிக்கலைன்னு சொல்றதுக்கு ஒரு சர்டிபிகேட்டாம். என் நாத்தனாரைக் கேட்டால் சும்மாவே சொல்லுவாளே, அதுவும் ஊர் கேட்க.

ஜெகன்: மூத்தவன் படிக்கலையா?

அன்னம்மாள்: அவன் நாகர்கோவில் பக்கம் கோணம் இருக்கே, அங்கே ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். அது டிகிரி இல்லையாம், அதனால் தப்பித்தோம். பஸ் பாஸ் கொடுத்தார்கள், மாசாமாசம் உதவித்தொகையும் உண்டு. இவளையும் அங்கேயே போடு என்கிறார் இவளுடைய அப்பா. பக்கத்து வீட்டுக்காரி பாலிடெக்னிக் என்கிறாள். பிளஸ் டூ முடித்தவளுக்கு நேரே இரண்டாம் வருஷம் கிடைக்குமாமே?

ஜெகன்: கிடைக்கும். அதுவும் கோணத்தில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் இன்ஜினியரிங் கல்லூரியும் கோணத்தில்தான். அரசு கலைக் கல்லூரியும் கோணத்தில்தான்.

அன்னம்மாள்: அப்போ இந்தப் பிள்ளை வாழ்க்கையை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கோணம்தான்.

ஜெகன்: நர்சிங் யாரும் சொல்லலையா? நம் ஊரில் அது இல்லாமல் பேச்சு முடியாதே.

அன்னம்மாள்: சொல்லாமலா? குவைத்திலிருந்து போன் போட்டே சொன்னார்கள். இவள் கணக்கு, கம்ப்யூட்டர் குரூப். பயாலஜி இல்லாமல் பி.எஸ்சி. நர்சிங் எப்படிக் கிடைக்கும்? அதைச் சொன்னால், ‘யாரிடமாவது சொல்லிப் பார்’ என்கிறார்கள். யாரிடம் சொல்ல? தவளையிடமா?

ஜெகன்: ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியா? 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கே.

அன்னம்மாள்: (குரல் இறங்குகிறது) எட்டு வரைக்கும் அங்கேதான். ஒன்பதாவதில் நான்தான் பெருமைக்கு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினேன். அது கணக்கில் வராதாம். ஸ்வீட் வேறு கொடுத்தேன், அன்றைக்குத் தெரு முழுக்க.

ஜெகன்: தமிழ் வழிதானே? புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வரும். உதவிபெறும் பள்ளிக்கும் உண்டு.

அன்னம்மாள்: ஸ்வீட் காசு வந்துவிடும். சரி, எழுது. முதலில் கண்டிப்பாகக் கிடைக்கிற ஒரு சாதா காலேஜ். இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் நல்லது. அப்படியே ஏற்றிக்கொண்டு போ.

ஜெகன்: ஐயோ அக்கா! முதலிடத்தில் அதைப் போட்டால் அதுவே கிடைத்துவிடும்.

அன்னம்மாள்: கிடைக்கத்தானே போடுறோம்? ஏலத்தில் எடுத்தவுடன் பெரிய தொகையையா கேட்பார்கள்?

ஜெகன்: இது ஏலம் இல்லை. பிள்ளையின் ரேங்க் முறை வரும்போது கம்ப்யூட்டர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு வரும். முதலில் எழுதியதில் இடம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கீழே நீங்கள் எதை எழுதியிருந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

(அன்னம்மாள் கொஞ்ச நேரம் வாசலில் கவிழ்ந்து கிடக்கும் சருவத்தைப் பார்க்கிறார்.)

அன்னம்மாள்: அதாவது, கையில் காசோடு ஒருத்தன் சந்தைக்கு வாறான். சீட்டில் முதல் வரி சாளை என்று இருந்தால், சாளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பக்கத்தில் அதே விலைக்கு உசத்தியான நெய்மீன் கிடந்தாலும்.

ஜெகன்: அதேதான்!

அன்னம்மாள்: அப்போ நெய்மீன் மேலே. நடுவில் பாரை, அயலை. சாளை கடைசியில்.

ஜெகன்: எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பிடிக்காததை எழுதவே கூடாது. கிடைத்துத் தொலைக்கும். அப்புறம், தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்லணும். ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒன்று. ‘ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே காலி வந்தால் அங்கே மாற்று’ என்று ஒன்று...

அன்னம்மாள்: பிடித்த மீன் படகில் இருக்கட்டும், வலையும் கடலில் கிடக்கட்டும்.

ஜெகன்: (விசிறியைக் கீழே வைத்து) அக்கா, நாளையிலிருந்து நீங்கள் இங்கே உட்காருங்கள். நான் மீனைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

அன்னம்மாள்: உனக்குச் சாளையும் மத்தியும் ஒன்றுதான் என்பதே தெரியாது. போடு, போடு. இதோ பாஸ்வேர்ட், பிள்ளை சீட்டில் எழுதித் தந்தாள்.

(ஜெகன் தட்டுகிறார். வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது. ஃபேன் சுற்ற வேண்டிய சுற்றையெல்லாம் அதுதான் சுற்றுகிறது. பக்கம் திறக்கிறது.)

ஜெகன்: அக்கா, இங்கே ஏற்கெனவே 23 இருக்கு.

அன்னம்மாள்: யார் போட்டது?

ஜெகன்: நேற்று ராத்திரி பிள்ளையே போனில் போட்டிருக்கும்போல. வரிசையும் சரியாக இருக்கு. நெய்மீனெல்லாம் மேலேதான்.

அன்னம்மாள்: பிறகு எதுக்கு என்னை இங்கே அனுப்பினாள்?

ஜெகன்: சரிபார்க்கவா இருக்கும்.

அன்னம்மாள்: இல்லை மக்களே. நான் மாற்றிவிடக் கூடாது, நீ எனக்குப் பாடம் எடுக்கணும் என்றுதான். (சிரிப்பை அடக்கி) சரி, முதல் வரியில் என்ன?

ஜெகன்: கோணம். எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்.

(இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்க்கிறார்கள்.)

அன்னம்மாள்: நாலே நாலு வருஷம். அதுவரை அந்த விசிறியை வைத்துச் சமாளி.