சித்ரா பௌர்ணமியில் குமரிமுனை வானம்: பரவும் செய்தியும் உண்மையும்

சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் மறைவதும் கிழக்கே நிலவு எழுவதும் உலகிலேயே கன்னியாகுமரியில் மட்டும்தான் ஒருசேரத் தெரியும் என்றும், அன்று நிலவு பூமியை நெருங்கி வருவதால்தான் அவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்றும் களியக்காவிளை, பாறசாலை வட்டாரத் தமிழர்களிடையே வாட்ஸ்அப் செய்தியொன்று சுற்றி வருகிறது. இரண்டும் தவறு.

எந்தப் பௌர்ணமியிலும் பூமிக்கு ஒருபுறம் சூரியனும் மறுபுறம் நிலவும் இருப்பதால், ஒன்று மறையும் வேளையையொட்டி மற்றொன்று எழுவது மாதந்தோறும் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் நடப்பதே. நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுவதால், பௌர்ணமிக்கு முந்தைய மாலையில் இரண்டையும் இன்னும் எளிதாகச் சேர்த்துப் பார்க்கலாம். குமரிமுனைக்குச் சிறப்பைத் தருவது அதன் நில அமைப்பு. பூவார், கொல்லங்கோடு கடற்கரைகளில் மேற்கே கடல் திறந்திருந்தாலும், கிழக்கே தென்னந்தோப்புகளும் மேடுகளும் மறைப்பதால் நிலவு சற்று உயர்ந்த பின்னரே கண்ணில் படும். குமரியிலோ இருபுறமும் கடல். அந்தக் காட்சியின் அழகை யாரும் மறுக்கவில்லை. மேகமற்ற மாலை வாய்த்தவர்கள் உண்மையில் கொடுத்துவைத்தவர்கள்.

நிலவு பூமியை நெருங்கும் நாளுக்கும் சித்திரை மாதத்துக்கும் நிலையான தொடர்பு எதுவும் கிடையாது. அடிவானத்தில் அது பெரிதாகத் தெரிவது நம் மூளைக்கு ஏற்படும் தோற்ற மயக்கம். உச்சி வானில் இருக்கும்போதைவிட அடிவானத்தில் இருக்கும்போது நிலவு நமக்கு ஏறத்தாழ பூமியின் ஆரமான 6,400 கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதல் தொலைவில் இருப்பதால், கருவியால் அளந்தால் சுமார் 1.5 சதவீதம் சிறிதாகவே இருக்கும். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள்: அரை டிகிரி அகலமுள்ள நிலவு, எழும்போதும் நள்ளிரவிலும் அதே விரலுக்குப் பின்னால் அடங்கிவிடும்.