முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது?

மாரி மழை விடாது பொழியத் தொடங்கினால் மட்டக்களப்பில் சந்திக்குச் சந்தி கேட்கும் கேள்வி, முகத்துவாரம் வெட்டியாயிற்றா, அதாவது வாவி கடலோடு சேரும் வாயை அடைத்திருக்கும் மண்திட்டை வெட்டித் திறந்தாயிற்றா என்பதுதான். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கதிர் வெளிவரும் முன்னான குடலைப் பருவத்து வயல் மூழ்குவதைப் பார்த்து நிற்கும் விவசாயி உடனே வெட்டச் சொல்வார். வாவியில் வலை வீசுபவரோ பொறுக்கச் சொல்வார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எளிது. வாவி எந்த நீர்மட்டத்தை எட்டினால் மண்திட்டு வெட்டப்படும் என்பதை, முதல் மழைக்கு முன்பே இரு தரப்பையும் இருத்திப் பேசி முடிவு செய்து, ஊரறிய அறிவிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

வங்காள விரிகுடாவின் வடதலையில், வங்கதேசக் கரையில், கடல் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கின் வேறுபாடு பல மீட்டர். நம் கரையில் அது ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. எனவே வாவியின் வாயைத் திறந்து வைத்திருக்கும் வலு நம் கடலேற்றத்துக்கு இல்லை. அந்த வேலையைச் செய்வது உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவுகளைத் தாண்டியும் ஆறுகள் வழியாகவும் வந்து சேரும் மழைவெள்ளம். கோடையில் அந்த வரத்து ஒடுங்கியதும் அலைகள் கொண்டுவரும் மணல் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் வாயை அடைத்துவிடுகிறது. 50 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான ஒரு நீர்ப்பரப்பின் உவர்ப்பும் உயரமும் இந்த மெல்லிய மண்திட்டையே நம்பியிருக்கின்றன.

வெட்டிய பின் நடப்பதை யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. வெள்ளம் வடிவதோடு கதை முடிவதில்லை. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அதே வாய்வழியே உள்ளே வந்து, கண்டல் வேர்களின் மறைவில் வளர்கின்றன. ஆகவே மீனவருக்கும் திறந்த வாய் வேண்டும். அவர் அஞ்சுவது அவசரத்தை: நீர் போதிய அளவு ஏறாதபோது வெட்டினால் பாய்ச்சலின் வேகம் குறைந்து, வாய் ஆழமாக அறுபடாமல் விரைவில் தூர்ந்துபோகலாம், அதற்குப் பின் மழையும் ஏமாற்றினால் தாழ்ந்த வயல்களுக்குள் உவர்நீர் ஏறும் ஆபத்து விவசாயிக்கும் உண்டு. பிந்தினாலோ நெல் அழுகும். 2011 சனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இந்த இழுபறியிலிருந்து தப்ப, இருபுறமும் கல்லணை கட்டி வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் தெற்கே அம்பாறை மாவட்டக் கரையிலுள்ள ஒலுவிலுக்கு ஒருமுறை போய்வரட்டும். 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்ததால், துறைமுக வாயிலில் மணல் குவிந்து படகுகள் முடங்கின. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிபட்டுத் தென்னைகள் கடலுக்குள் சாய்ந்தன. பெக்கோ இயந்திரம் கொண்டு வெட்டும் மண்திட்டைக் கடல் தானே திரும்பக் கட்டிக்கொள்ளும். கல்லணையின் விளைவை அப்படித் திருத்திக்கொள்ள முடியாது.

இன்னொன்று: வாவியின் தென்முனை கல்முனைப் பக்கம், அம்பாறை மாவட்டத்துக்குள் கிடக்கிறது. மட்டத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு அப்பகுதி விவசாயிகளையும் மீனவரையும் அழைக்க வேண்டும். முடிவான அளவைக் கல்லடிப் பாலத் தூணிலும் கல்லாற்றிலும் எவர் கண்ணுக்கும் தெரியும்படி கோடிட்டு எழுதவும் வேண்டும்.