கதையைத் தோண்டாமல் உதவக் கற்றுக்கொடுங்கள்

வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு, நூற்றுக்கணக்கில் ஸ்லைடு, கடைசியில் ஒரு சான்றிதழ். இப்படிப்பட்ட பயிற்சியை நிறுத்தவேண்டும் என்றே சொல்வேன். அதில் தேறி வருகிறவர் எதிரில் இருப்பவரிடம் முதலில் கேட்பது, "என்ன நடந்துச்சு, ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்பதைத்தான். கொட்டித் தீர்த்தால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பிக் கேட்கிறார். சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே சொல்லிவிட்டது. சிலருக்கு அதனால் நிலைமை மோசமாகவும் கூடும்.

அதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணை. 'கேள்' என்றால் காதுகொடுப்பது. விவரம் கறப்பது அதில் சேராது. 'இணை' என்றால் தேவையான உதவியோடு சேர்த்துவிடுவது.

முதல் சந்திப்பின் வரிசையை மனப்பாடமாகும்வரை பழக்கவேண்டும். இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா, காயம் உண்டா, இன்று இரவு எங்கே தங்குவார்? பாலியல் வன்முறை என்றால் நேரம் ஓடுகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 5 நாள் வரைதான், அதுவும் முந்தினால்தான் பலன் அதிகம். கழுத்தை நெரித்திருந்தால், வெளியே தடம் இல்லாவிட்டாலும் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். எதை ரகசியமாகக் காக்கமுடியும், எதைச் சட்டப்படி சொல்லியாகவேண்டும் என்பதை அவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடவேண்டும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அவர் திரும்ப வரமாட்டார்.

"ஏன் கத்தல? ஏன் ஓடல?" இந்த இரண்டு கேள்வியையும் பயிற்சியிலேயே உதறவேண்டும். பேரச்சத்தில் உடம்பு மரத்துப்போவது மூளையின் தற்காப்பு. அந்த நேரத்து நினைவும் துண்டுதுண்டாகப் பதியக்கூடும்: வாசனை இருக்கும், தேதி இருக்காது. இது தெரியாதவர், சொன்னதை மாற்றிச் சொல்கிறவரைப் பொய்யர் என்று குறித்துவைக்கிறார். குறிப்பு எழுதும்போது வந்தவர் சொன்ன சொற்களையே மேற்கோளில் எழுதுங்கள். "சொல்கிறார்" போதும், "குற்றம்சாட்டுகிறார்" வேண்டாம்.

பேசும்போதே ஒருவருக்குப் பதற்றம் ஏறி மூச்சு வாங்கினால், பல வகுப்புகளில் சொல்லித்தருவது "கண்ணை மூடி ஆழமா மூச்சு விடுங்க". கண்ணை மூடுவதே சிலரை அந்தச் சம்பவத்துக்குள் தள்ளிவிடும். கண் திறந்தே இருக்கட்டும். பாதம் தரையில் படட்டும். அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சு என்றால் வெளிவிடுவது உள்ளிழுப்பதைவிட நீளமாக இருந்தால் போதும். தொடும் முன் கேளுங்கள். கதவுக்கும் அவருக்கும் நடுவில் உட்காராதீர்கள்.

இதெல்லாம் வாயில் பழகாமல் வராது. மூவர் மூவராகப் பிரித்து, ஒருவர் உதவுபவர், ஒருவர் வந்தவர், ஒருவர் கவனிப்பவர் என்று பத்து நிமிட ரோல் ப்ளே. பிறகு ஐந்து நிமிடம் கருத்து. அடுத்து ஆள் மாற்றம். மொத்த நேரத்தில் பாதியாவது இதற்குப் போகவேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடுவது மௌனத்தில்: நாலு விநாடி அமைதி தாங்காமல் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிடுகிறார்கள். பயிற்சியாளர்கள் மறக்கும் இன்னொன்றும் உண்டு. பயிற்சிக்கு வந்திருப்பவர்களிலேயே சிலர் வன்முறைக்கு ஆளானவர்களாக இருப்பார்கள். சொந்தக் கதையை நடிக்கக் கூடாது, யாரும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம், முடிந்ததும் தன் பெயரைச் சொல்லி வேடத்தைக் கழற்றவேண்டும். இந்த மூன்றையும் முதல் மணி நேரத்திலேயே அறிவியுங்கள்.

வகுப்பு முடிந்த பிறகுதான் அசல் பயிற்சி. இப்படிப்பட்ட கதைகளைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், இல்லையென்றால் எதுவுமே உறைக்காமல்போகும். 1990இலேயே இதற்கு ஆய்வாளர்கள் 'பிறர் வழி வரும் மன அதிர்ச்சி' (vicarious traumatization) என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'தாங்குற மனசு இல்ல' என்று இன்னும் அவர்களையேதான் குறை சொல்கிறோம். முதல் ஆண்டிலாவது பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம், அனுபவசாலி ஒருவரோடு கேஸ்களைப் பேசும் சூப்பர்விஷன் வேண்டும். அந்த அனுபவசாலியே இவர்களின் சம்பளத்தையும் விடுப்பையும் முடிவுசெய்யும் மேலதிகாரியாக இருந்தால் யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள்: ரோல் ப்ளே எத்தனை மணி நேரம்? மூன்றாவது மாதம் ஒரு கேஸில் திணறினால் யாரிடம் பேசுவது?